மோசமான நாளையும் தாங்குகிற தோட்டம்

வாசகியின் கடிதம், சுருக்கமாக: வயது 56. விருப்ப ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. கோவையில் வாடகை அடுக்ககம், இரண்டாவது மாடி. ஒன்பது வருடமாகச் சரவாங்கி என்கிற முடக்குவாதம். வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை. நாலு வருடமாகச் சர்க்கரையும் உண்டு. காலையில் எழுந்தால் விரல்கள் மடங்க 8 மணி ஆகிவிடுகிறது. ஊரில் இருந்தவரை கொல்லை நிறையக் காய்கறி போட்ட கை இது. அந்த ஏக்கத்தில் மொட்டை மாடியில் வைக்க 15 அங்குலப் பைகள் இருபது வாங்கியிருக்கிறார். செம்மண்ணை வாளியில் சுமந்து ஏழு பைகளை நிரப்பியதோடு மணிக்கட்டு இரண்டும் வீங்கி, பத்து நாள் படுக்கை. கணவர் ‘எல்லாத்தையும் தூக்கிப் போடு’ என்கிறார். மகளோ, ‘டாக்டர் உடற்பயிற்சி செய்யச் சொல்லியிருக்காரே, விடாதே அம்மா’ என்கிறார். வாசகி கேட்பவை நான்கு. தோட்டத்தை அடியோடு விட வேண்டுமா? தோட்ட வேலை உடற்பயிற்சிதானே, வலித்தாலும் செய்தால் என்ன? இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மண்ணைத் தொடலாமா? முடக்கத்தான் கீரை வளர்த்துத் தினமும் சாப்பிட்டால் மாத்திரையை நிறுத்தலாம் என்கிறார்களே, உண்மையா?

அன்புச் சகோதரிக்கு,

தோட்டத்தை விட வேண்டாம். ஆனால் அந்த இருபது பைத் தோட்டத்தை விட்டுவிடுங்கள். இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் உங்கள் வீட்டில் இரண்டு கட்சி உண்டாகியிருக்கிறது.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி: ‘உடம்பு நன்றாக இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் வாங்கி வந்தேன்.’ தவறு அங்கேதான் நடந்திருக்கிறது. முடக்குவாதம் உள்ளவர்களுக்கு நல்ல நாள், மோசமான நாள் என்று ஏறி இறங்கும். நல்ல நாளின் பலத்தை வைத்துத் திட்டம் போட்டால், மோசமான நாள் வரும்போது செடி வாடும், அதைப் பார்த்து மனம் வாடும், மனம் கேட்காமல் எழுந்து போய்த் தண்ணீர் ஊற்றுவீர்கள், மூட்டு வீங்கும். எனவே உங்களுடைய மோசமான நாளை அளவுகோலாக வையுங்கள். நீங்கள் மூன்று நாள் எட்டிப் பார்க்காவிட்டாலும், யாராவது ஒரு குழாயைத் திருகினால் பிழைத்துக்கொள்ளும் தோட்டம்தான் உங்களுக்கு ஏற்றது. கீழே நான் சொல்வதெல்லாம் இந்தக் கணக்கில்தான்.

வேலை வேறு, பயிற்சி வேறு

மகள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. முடக்குவாதத்துக்கு அசைவு அவசியம். படுத்தே இருந்தால் தசை இளைத்து மூட்டு இன்னும் தளர்ந்துவிடும். ஆனால் பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் பயிற்சியில் மூட்டு அதன் முழு வீச்சுக்கும் மெதுவாகப் போய் வருகிறது, சுமை குறைவு, எண்ணிக்கை உண்டு, நிறுத்தும் இடமும் உண்டு. தோட்ட வேலையில் ஒரே சிறு மூட்டுகள் ஒரே மாதிரி, சுமையோடு, வேலை முடியும்வரை உழைக்கின்றன. வாளிக் கம்பியை விரல் நுனிகளில் மாட்டித் தூக்குவது, களையைக் கட்டைவிரலால் கிள்ளி இழுப்பது, ஈரமான தென்னை நார்க்கழிவைப் பிழிவது ஆகிய மூன்றும் உங்கள் விரல்களைச் சுண்டுவிரல் பக்கமாகத் தள்ளுகிற அசைவுகள். வீக்கம் இருக்கும்போது மூட்டைச் சுற்றிய தசைநார்கள் தளர்ந்திருக்கும். அந்த நேரத்தில் இப்படித் தள்ளத் தள்ள விரல்கள் அந்தப் பக்கமே சாய்ந்து நின்றுவிட வாய்ப்பு உண்டு. அதனால் ‘வலித்தாலும் செய்தால் என்ன’ என்பதற்கு என் பதில்: செய்யாதீர்கள்.

எவ்வளவு செய்யலாம் என்பதற்கு எளிய அளவு ஒன்று உண்டு. வேலை முடித்து இரண்டு மணி நேரம் கழித்தும் மூட்டுவலி வேலைக்கு முன்பிருந்ததைவிட அதிகமாக இருந்தால், அன்று அளவு மீறிவிட்டது. அடுத்த முறை நேரத்தைப் பாதியாக்குங்கள். தொடக்கத்தில் 15 நிமிடம் வேலை, 10 நிமிடம் ஓய்வு. அந்த 15 நிமிடத்திலும் ஒரே வேலை வேண்டாம். ஐந்து நிமிடம் கத்தரித்தால், அடுத்த ஐந்து நிமிடம் தண்ணீர், அடுத்து விரலுக்கு வேலையில்லாத வேறு ஏதாவது. நேரம் வைத்தால் அடிக்கும் சமையலறை மணி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். செடியிடம் உட்கார்ந்தால் நேரம் தெரியாது. தெரியாமல் போவதுதான் நமக்குச் சிக்கல்.

இன்னொன்று. ‘வலி இல்லாத நாளிலும் சோர்ந்துவிடுகிறேன், சோம்பேறி ஆகிவிட்டேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது சோம்பல் அல்ல. உடம்புக்குள் அழற்சி ஓடும்போது அதுவே சோர்வைக் கொடுக்கும். கூடவே ரத்தசோகை இருந்தால் இன்னும் அதிகம். மாத்திரை சாப்பிட்ட மறுநாள் பலருக்கும் அசதியாக இருக்கும். அந்த நாளைக் காலண்டரில் குறித்துவிட்டு, அன்று தோட்டத்துக்கு விடுமுறை விடுங்கள். அதிகாலை 5.30 மணிக்கு எழுந்து தண்ணீர் ஊற்றும் பழக்கத்தையும் மாற்றியாக வேண்டும். உங்களுக்கு விறைப்பு விடுவதே 8 மணிக்கு. உங்கள் பால்கனி கிழக்குப் பார்த்தது என்கிறீர்கள், நல்லது. மாலை 4 மணிக்கு மேல் அங்கே நிழல், உங்கள் விரல்களும் இளகியிருக்கும். மாலையில் ஊற்றினால் பூஞ்சை வருமே என்று கேட்பீர்கள். இலையை நனைக்காமல் வேரில் மட்டும் விட்டால் அந்தப் பயம் பெரிதாக இல்லை.

எடைக் கணக்கு

15 அங்குலப் பையில் முக்கால் பாகத்துக்குச் சற்று மேல் நிரப்பினாலே 35 லிட்டர் மண் பிடிக்கும். செம்மண் கலவை நனைந்தால் லிட்டருக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. அதாவது ஒரு பை 50 கிலோவைத் தாண்டும், இருபது பை ஒரு டன். உங்கள் மணிக்கட்டு மட்டுமல்ல, கட்டடமும் இதைக் கேள்வி கேட்கும். ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிக்கு இந்தியக் கட்டடத் தரநிலை வைத்திருக்கும் கணக்கு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. நான்கு பைகளை ஒரு சதுர மீட்டருக்குள் நெருக்கி வைத்தால் 200 கிலோ ஆகிவிடுகிறது. வீட்டுப் பால்கனிக்கு அந்தக் கணக்கு குறைந்தது 300 கிலோ. பழைய கட்டடமாக இருந்தாலோ, அடியில் விரிசலோ கம்பி தெரிவதோ இருந்தாலோ இந்த எண்களை நம்பாமல் பொறியாளர் ஒருவரிடம் காட்டுங்கள். எப்படியானாலும் எடையைச் சுவர் ஓரமாக வையுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கைப்பிடி ஓரத்தில் வேண்டாம்.

மொட்டை மாடி உங்களுக்கு ஏன் ஒத்துவராது என்பதற்கு எடையைத் தவிர இரண்டு காரணங்கள். லிஃப்ட் மூன்றாவது மாடியோடு நின்றுவிடுகிறது, மேலே ஒரு தளம் படி. மோசமான நாளில் அந்தப் படியே தோட்டத்துக்கும் உங்களுக்கும் நடுவே சுவராக நிற்கும். இரண்டாவது, மொட்டை மாடி எல்லோருக்கும் பொதுவான இடம். வாடகைக்கு இருப்பவர் வீட்டு உரிமையாளரிடம் வாய் வார்த்தையாகக் கேட்டது போதாது. குடியிருப்போர் சங்கத்தின் சம்மதமும் எழுத்தில் இருக்க வேண்டும். பால்கனி உங்கள் வீட்டோடு சேர்ந்தது. அங்கேயும் உரிமையாளருக்கு ஒரு தகவல் அனுப்பிவிட்டு, கீழ்வீட்டுத் துணியில் மண் தண்ணீர் சொட்டாதபடி தட்டு வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சண்டை வராது.

நிரப்பிய ஏழு பைகளை நீங்களோ, முதுகு வலிக்காரரான உங்கள் கணவரோ தொட வேண்டாம். இரண்டு வாரம் தண்ணீர் விடாமல் காயவிடுங்கள். எடை கணிசமாகக் குறையும். பிறகு அரை நாள் கூலிக்கு ஓர் ஆளை வைத்து இறக்குங்கள்.

மேசைத் தோட்டம்

உங்கள் பால்கனி 12 அடி நீளம், 4 அடி அகலம். அதில் 6 அடிதான் நமக்குத் தேவை.

கடைகளில் சாமான் அடுக்க நட்டு போல்ட் போட்டுப் பூட்டும் இரும்பு ரேக் கிடைக்கிறதல்லவா? அந்தக் கடையிலேயே கால்களை வெட்டித் தருவார்கள். 6 அடி நீளம், ஒன்றரை அடி ஆழம், ஒரே ஒரு தட்டு. ஆழம் ஒன்றரை அடிக்கு மேல் வேண்டவே வேண்டாம். சுவர் ஓரமாக வைக்கும் மேசையை ஒரு பக்கமிருந்துதான் எட்ட முடியும். உட்கார்ந்தபடி தோளை நீட்டாமல் கை போகும் தூரம் அவ்வளவுதான். மீதியுள்ள இரண்டரை அடியில் கைப்பிடி உள்ள நாற்காலி ஒன்று. உட்காரும் பலகை 18 அங்குல உயரமாவது இருக்கட்டும். முக்காலி, மணை, குந்தி உட்காருவது மூன்றும் கூடாது. முட்டியைவிடத் தாழ்ந்த இடத்திலிருந்து எழும்போது உடம்பின் பாரம் முழுவதும் முட்டியிலும், ஊன்றுகிற மணிக்கட்டிலும் இறங்குகிறது.

ரேக்கின் உயரத்தைக் கடைக்காரர் தீர்மானிக்க விடாதீர்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்து, தரையிலிருந்து தொடையின் மேல்பகுதி வரை அளந்து, அதற்கு மேல் ஓர் அங்குலம் விட்டுத் தட்டின் அடிப்பக்கம் வர வேண்டும். சராசரி உயரப் பெண்களுக்கு இது 24 அங்குலம் வாக்கில் வரும். கால் உள்ளே நுழைய வேண்டும் என்பதற்காகத்தான் இந்த அளவு. கால் நுழையாவிட்டால் பக்கவாட்டில் உட்கார்ந்து இடுப்பைத் திருகி வேலை செய்வீர்கள், மறுநாள் முதுகு பிடிக்கும். தட்டின் மேல் தொட்டி வைத்தபின் மண்மட்டம் உங்கள் முழங்கைக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே நின்றால் பரவாயில்லை. தோளைத் தூக்க வேண்டியிருந்தால் உயரம் அதிகம்.

தட்டின் மேல் 24 அங்குல நீளம், 12 அங்குல அகலம், 6 அங்குல உயரம் உள்ள செவ்வகப் பைகள் மூன்று. சரியாக 6 அடி நிறைந்துவிடும். முன்பக்கம் மிஞ்சும் 6 அங்குலத்தில் முன்கையை ஊன்றிக்கொள்ளலாம், கத்தரிக்கோலும் அங்கே இருக்கும். கீரைக்கு 5 அங்குல மண் தாராளம். மேசைக்குப் பக்கத்தில், ஓரடி உயர ஸ்டாண்டுகளில் 12 அங்குலப் பைகள் மூன்று. மொத்தம் ஆறு. ரேக்கையும் சேர்த்து எல்லாம் நனைந்த நிலையில் ஏறக்குறைய 110 கிலோ. ஏற்கெனவே வாங்கிய 15 அங்குலப் பைகளில் ஒன்றைக்கூட இங்கே கொண்டுவராதீர்கள். இடம் இருக்கிறதே என்று தோன்றும். இடம் இருக்கிறது, பலம் இல்லை.

கலவைக்கு 5 கிலோ கோகோபீட் (தென்னை நார்க்கழிவு) கட்டி ஒன்று. 20 லிட்டருக்கு மேல் தண்ணீர் குடித்து 70 லிட்டர் அளவுக்கு உப்பிவிடும். மண்புழு உரம் 30 கிலோ. செம்மண் 12 கிலோ போதும், அதுவும் ஸ்டாண்டில் வைக்கும் மூன்று பைகளுக்கு மட்டும். கீரைப் பைகளுக்கு கோகோபீட் 3 பங்கு, மண்புழு உரம் 2 பங்கு. மற்ற மூன்றுக்கும் அதோடு செம்மண் ஒரு பங்கு, பைக்கு ஒரு கை வேப்பம் புண்ணாக்கு. கோகோபீட் வாங்கும்போது ‘உப்பு நீக்கியது’ என்று கேட்டு வாங்குங்கள், கடையில் ‘லோ ஈசி’ என்பார்கள். நீக்காததை வாங்கிவிட்டால் இரண்டு மூன்று முறை அலச வேண்டும். அலசாவிட்டால் கீரை முளைத்து இரண்டு இலை விட்டதும் ஓரம் கருகும். அலசுவதென்றால் கையால் பிழிவது அல்ல. பழைய அரிசிச் சாக்கில் போட்டு, தண்ணீர் ஊற்றி, குழாயடியில் சாய்த்து வைத்தால் தானாக வடியும்.

பைகளை மேசையில் வைத்தபின் கலவையை அங்கேயே நிரப்ப வேண்டும், நிரப்பித் தூக்கக்கூடாது. இதுவும் கூலி ஆள் அல்லது மகளின் வேலை. வருடத்துக்கு ஒருநாள் வேலைதான், அதை மற்றவருக்குக் கொடுப்பதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. அரசுத் தோட்டக்கலைத் துறை மானிய விலையில் கொடுக்கும் மாடித்தோட்டத் தளைகளை (கிட்) பற்றியும் கேட்டிருந்தீர்கள். பை, நார்க்கழிவு, விதை, உயிர் உரம் எல்லாம் அதில் சேர்ந்து வரும்; கிடைத்தால் வாங்குங்கள். ஆனால் ஒருவருக்கு ஒரு தளை போதும்.

கருவிகளில் ஒரு சின்ன வேலை செய்து வையுங்கள். ஏசி பொருத்துகிறவர்கள் செப்புக் குழாய்க்கு மேல் சுற்றும் கறுப்பு நுரைக் குழாய் எலக்ட்ரிகல் கடையில் அடிக்கணக்கில் கிடைக்கும். கைக்கரண்டியின் பிடி அளவுக்கு வெட்டி, நீளவாக்கில் கீறி, பிடியின் மேல் மாட்டி, இரண்டு முனையிலும் இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். பிடி 3 முதல் 4 சென்டிமீட்டர் பருமனாகிவிடும். மெல்லிய பிடியைப் பற்ற விரல்கள் முழுதாக மடங்கி இறுக வேண்டும். பருமனான பிடியைப் பாதி மடங்கிய விரல்களே தாங்கிக்கொள்ளும். கத்தரிக்கோல் அமுக்கிவிட்டுத் தளர்த்தியதும் தானே திறந்துகொள்ளும் ஸ்பிரிங் வகையாக இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் விரித்துத் திறக்கிற உழைப்பு கட்டைவிரலுக்கு மிச்சம்.

தண்ணீர்தான் தினசரிச் சுமை

இந்த ஆறு பைகளுக்குக் கோடையில் நாளொன்றுக்கு 8 முதல் 10 லிட்டர் ஆகும். குவளையாலோ வாளியாலோ ஊற்றினால் தினமும் 10 கிலோ தூக்குகிறீர்கள். தண்ணீரை நகர்த்துவது உங்கள் கை அல்ல, குழாய் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். மிகச் சுலபமான வழி, துணி துவைக்கும் இடத்துக் குழாயிலிருந்து அரை அங்குல மெல்லிய ஹோஸ். முனையில் விரலால் அமுக்கிப் பிடிக்கும் துப்பாக்கி வகை வேண்டாம், தள்ளினால் திறந்து நிற்கும் நெம்பு வகை வாங்குங்கள். குழாய்த் திருகும் வட்டத் திருகாக இருந்தால் நீட்டுப்பிடி வால்வாக மாற்றச் சொல்லுங்கள், உள்ளங்கையால் தள்ளித் திறக்கலாம்.

இரண்டாவது வழி, மோசமான நாட்களுக்கானது. 20 லிட்டர் கேன் ஒன்றை மேசையைவிட மூன்றடி உயரமான இடத்தில் உறுதியாக நிறுத்தி, அடியில் சிறு குழாய்த் திருகு பொருத்தி, அதிலிருந்து பைக்கு ஒன்றாக 4 மில்லிமீட்டர் நுண்குழாய் இழுங்கள். கேனையும் ஹோஸால்தான் நிரப்ப வேண்டும், தூக்கிக் கவிழ்க்கக்கூடாது. இங்கே பலரும் செய்யும் தவறு, வயலில் சொட்டுநீர்ப் பாசனத்துக்குப் போடும் சொட்டுவானை வாங்கி மாட்டுவது. அது வேலை செய்ய ஒரு பார் அழுத்தம் கேட்கும். மூன்றடி உயரத்தில் கிடைப்பது அதில் பத்தில் ஒரு பங்குகூட முழுதாக இல்லை. முதல் நாள் சொட்டும், மூன்றாம் நாள் நின்றுவிடும். முனையில் எதுவும் இல்லாத நுண்குழாயே போதும். ஓட்டத்தைத் திருகில் குறைத்துக்கொள்ளலாம். கேன் வாயில் இரட்டை மடிப்புத் துணி கட்டுங்கள். அழுக்கு வடியும், கொசுவும் முட்டையிடாது.

கொசு என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். பைக்கு அடியில் வைக்கும் தட்டுகளில் தண்ணீர் தேங்கினால் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு அதில்தான் பெருகும். முட்டை கொசுவாவதற்கு ஒரு வாரம் பத்து நாள் போதும். வாரம் ஒருமுறை தட்டைக் காயவிட முடியுமா என்று பாருங்கள். முடியாது என்றால் தட்டில் மணல் நிரப்பிவிடுங்கள்.

கோகோபீட்டில் இன்னொரு ஏமாற்று உண்டு. மேலே காய்ந்து வெளிர்ப் பழுப்பாகத் தெரியும், அடியில் சொதசொதவென்று இருக்கும். பார்த்துப் பார்த்து ஊற்றினால் வேர் அழுகும். விளக்குமாற்று ஈர்க்கு ஒன்றை அடிவரை செருகி எடுங்கள். துகள் ஒட்டி வந்தால் அன்று தண்ணீர் வேண்டாம், சுத்தமாக வந்தால் ஊற்றுங்கள். மூன்றாவது வாரத்தில் கீரை வெளிறினால் பயப்படாதீர்கள். நார்க்கழிவு மட்கும்போது தழைச்சத்தைத் தன்பக்கம் இழுத்துக்கொள்வதுதான் காரணம். 15 நாளுக்கு ஒருமுறை பைக்கு இரண்டு கை மண்புழு உரம் தூவினால் தெளிந்துவிடும்.

என்ன வைக்கலாம்

விளைச்சலைப் பார்க்காதீர்கள், எத்தனை முறை கை வைக்க வேண்டும் என்று பாருங்கள். சிறுகீரை 25 நாளில் வேரோடு பிடுங்கிவிடுகிற கீரை. ஒவ்வொரு முறையும் பிடுங்கி, கிளறி, மறுபடி விதைக்க வேண்டும். அரைக்கீரையை ஒரு மாதத்தில் முதல் அறுப்பு, பிறகு பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, அடியில் இரண்டு அங்குலம் விட்டு வெட்டிக்கொண்டே இருக்கலாம். வேலைக்கணக்கில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். விதையைக் கிள்ளிக் கிள்ளிப் போடாமல் மணலோடு கலந்து உள்ளங்கையால் தூவுங்கள்.

இரண்டாவது பையில் புதினா, மூன்றாவதில் பொன்னாங்கண்ணி. இரண்டுக்கும் விதையே வேண்டாம். சந்தையில் வாங்கிய கட்டில் இலையை ஆய்ந்தபின் மிஞ்சும் முற்றிய தண்டுகளை விரல் நீளத்துக்கு வெட்டிச் செருகி, ஒரு வாரம் நேரடி வெயில் படாமல் வைத்தால் துளிர்க்கும். ஸ்டாண்டுப் பைகளில் ஒன்றில் கறிவேப்பிலை, ஒன்றில் மணத்தக்காளி, ஒன்றில் பச்சை மிளகாய். கிழக்குப் பால்கனியில் மூன்று நான்கு மணி நேரம் வெயில்தான் கிடைக்கும். கீரைக்குப் போதும், மிளகாய் கொஞ்சம் குறைவாகத்தான் காய்க்கும். இலை சுருண்டாலோ மாவுப்பூச்சி வந்தாலோ ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கச் சொல்லுங்கள். ‘தெளிக்கச் சொல்லுங்கள்’ என்றுதான் எழுதியிருக்கிறேன். விசை அமுக்கும் தெளிப்பான் உங்கள் விரலுக்கு ஆகாது.

தக்காளி இப்போது வேண்டாம். கட்டிக்கொண்டே இருக்க வேண்டும், முடிச்சுப் போடுவது விரல் நுனி வேலை. வெண்டையை ஒடிக்க வேண்டும், இலையும் அரிக்கும். பந்தல் கொடிகளுக்குத் தோளுக்கு மேல் கை போக வேண்டும்.

மருந்தும் மண்ணும்

மண்ணைத் தொடலாம். பாதுகாப்போடு தொடுங்கள். மெத்தோட்ரெக்ஸேட் மூட்டைத் தாக்கும் எதிர்ப்புச் சக்தியை அடக்குகிறது. அதோடு கிருமியை எதிர்க்கும் சக்தியும் சற்றுக் குறைகிறது. உங்களுக்குச் சர்க்கரையும் இருக்கிறது. நம் பக்கத்து மண்ணிலும் தேங்கிய நீரிலும், குறிப்பாக மழைக்காலத்தில், மெலியாய்டோசிஸ் என்ற நோயைத் தரும் பாக்டீரியா வாழ்கிறது. அது அடிக்கடி வருகிற நோய் அல்ல. ஆனால் வந்தவர்களைப் பார்த்தால் சர்க்கரை உள்ளவர்களே அதிகம். அதனால் சில ஒழுங்குகள்:

கையுறை, காலில் மூடிய செருப்பு, எப்போதும். வெறுங்காலோடு ஈர மண்ணில் நிற்காதீர்கள். சர்க்கரையால் கால் மரத்திருந்தால் கீறல் பட்டதே தெரியாது. கையில் வெட்டோ புண்ணோ இருந்தால் அது ஆறும்வரை மண் வேலை இல்லை. உரமும் கோகோபீட்டும் காய்ந்த நிலையில் தூசி பறக்கும். முதலில் நனைத்து, முகக்கவசம் போட்டுப் பிறகு கலக்க வேண்டும். டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து வருடம் ஆகியிருந்தால் போட்டுக்கொள்ளுங்கள்; அது உயிருள்ள கிருமித் தடுப்பூசி அல்ல, உங்கள் மாத்திரையோடு போடலாம். காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினாலோ, புண் ஆறாமல் சீழ் வைத்தாலோ மருத்துவரிடம் போங்கள். போகும்போது ‘நான் மண்ணில் வேலை செய்கிறேன், இந்த மாத்திரை சாப்பிடுகிறேன்’ என்று இரண்டையும் நீங்களாகவே சொல்லுங்கள். அவர் கேட்கட்டும் என்று இருக்காதீர்கள்.

இனி முடக்கத்தான். பெயரிலேயே முடக்கை அறுப்பது என்று வைத்த கீரை. தோசைக்கு அரைத்துச் சாப்பிடுவது நம் வீடுகளில் வழக்கம். வளருங்கள், சாப்பிடுங்கள், தடையில்லை. கம்பியில் தானாக ஏறும்; தோள் உயரத்தோடு நுனியை வெட்டிவிட்டால் போதும். ஆனால் மாத்திரையை அதற்காக நிறுத்தாதீர்கள். இதை எத்தனை அழுத்திச் சொன்னாலும் போதாது. முடக்குவாதத்தில் வலி அடங்கியிருக்கும்போதும் உள்ளே எலும்பு அரிக்கப்படுவது தொடரலாம். அரித்த எலும்பை எந்த மருந்தும் திருப்பித் தராது. மாத்திரை செய்கிற வேலை அந்த அரிப்பைத் தடுப்பது. கீரை அதைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. நிறுத்தியதும் சில வாரம் ஒன்றும் ஆகாதது போலவே இருக்கும். அதைப் பார்த்துத்தான் பலரும் ஏமாறுகிறார்கள். சமையலில் சேர்ப்பது வேறு. பொடியாகவோ கஷாயமாகவோ தினமும் எடுப்பதாக இருந்தால் முதலில் உங்கள் மூட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். மெத்தோட்ரெக்ஸேட் எடுப்பவர்களுக்குக் கல்லீரல் பரிசோதனை அவ்வப்போது பார்க்கிறார்கள். நீங்கள் வேறு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று தெரியாவிட்டால் அந்த முடிவைச் சரியாகப் படிக்க முடியாது.

தொடங்கும் வரிசை

இப்போது மணிக்கட்டு வீக்கம் முழுதாக வற்றவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தொட்டால் சூடு தெரிகிறவரை எதையும் தொடங்க வேண்டாம். மருத்துவரைப் பார்க்கும்போது வேலைநேரத்துக்கு மணிக்கட்டுப் பட்டை தேவையா என்று கேளுங்கள். வீக்கம் வற்றியபின் ரேக்கும் ஹோஸும் முதலில். இரண்டும் சரியாக அமைந்து, நாற்காலியில் உட்கார்ந்து வெறும் மேசையில் கை நீட்டிப் பார்த்தபிறகே பைகளை வாங்குங்கள். முதல் மாதம் ஒரே பை, புதினா மட்டும். மாலையில் பத்து நிமிடம் அதன் முன் உட்கார்ந்து, இரண்டு மணி நேரம் கழித்து மூட்டு என்ன சொல்கிறது என்று ஒரு நோட்டில் ஒரு வரி எழுதுங்கள். நான்கு வாரம் அந்த நோட்டில் புகார் இல்லையென்றால் அரைக்கீரைப் பை. அப்படி மாதத்துக்கு ஒன்றாக ஆறு வரை.

கணவரிடம் ‘உதவுங்கள்’ என்று பொதுவாகச் சொன்னால் அது அவருக்கு ‘எல்லாவற்றையும் நீங்கள் பாருங்கள்’ என்று கேட்கும். இரண்டே வேலையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: மோசமான நாளில் கேன் திருகைத் திறந்து மூடுவது, மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை வேப்பெண்ணெய் தெளிப்பது. மகள் வரும்போது மண்புழு உரச் சாக்கைப் பிரித்து, இரண்டு கிலோ பிடிக்கும் சின்ன டப்பாக்களில் போட்டு மேசை உயரத்தில் அடுக்கி வைக்கச் சொல்லுங்கள். மூடிகள் திருகுவதாக இல்லாமல் அமுக்கிச் சாத்துவதாக இருக்கட்டும்.